உதவி நாயோடு ரயிலேற: கல்பாக்கத்திலிருந்து புறப்படுபவர்களுக்கு

கல்பாக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. மாமல்லபுரம் வழியாகக் கடலூர் வரை கடற்கரையோரம் ஒரு பாதை போடும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. இந்த மாதம் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டியவருக்கு அந்தப் பேச்சு உதவாது. டவுன்ஷிப்பில் இருந்தாலும் புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், அணுபுரம் என்று எங்கே இருந்தாலும் ரயிலைப் பிடிக்க மூன்று வழிகள்தான். திருக்கழுக்குன்றம் வழியே சுமார் 30 கிலோமீட்டரில் செங்கல்பட்டு ஜங்ஷன். கேளம்பாக்கம், வண்டலூர் சுற்றிக்கொண்டு தாம்பரம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போய் எழும்பூர்.

மற்றவர்கள் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்துகொள்வார்கள். உதவி நாயோடு போகிறவர் தூரத்தைப் பார்க்கக் கூடாது, ரயில் அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். தெற்கே போகும் விரைவு ரயில்கள் பலவும் செங்கல்பட்டில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் பெட்டியைத் தேடி, நாயை ஏற்றி, நீங்களும் ஏறி, வாசலில் நிற்கும் டிக்கெட் பரிசோதகரான டி.டி.இ.க்கு விளக்கமும் சொல்வது நடக்காத காரியம். ரயில் புறப்படும் இடத்துக்கே போய்விடுங்கள். பெரும்பாலும் அது எழும்பூர், சில ரயில்களுக்குத் தாம்பரம். பிளாட்பாரத்தில் ரயில் முன்கூட்டியே வந்து நிற்கும், நாய்க்கு ரசீது போடும் பார்சல் ஆபீஸும் அங்கேயே இருக்கும், ஏதாவது சிக்கல் என்றால் பேசித் தீர்க்க அதிகாரிகளும் இருப்பார்கள். கூடுதலாக ஒன்றரை மணி நேரம் காரில் போவது அலுப்புதான். ஆனால் இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு யோசனையைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உதவி நாய் என்று இங்கே சொல்வது பயிற்சி பெற்று வேலை செய்யும் நாயை. பார்வையற்றவரைக் கூட்டிச் செல்லும் நாய், அழைப்பு மணியையும் குழந்தையின் அழுகையையும் காது கேளாதவருக்குத் தொட்டு உணர்த்தும் நாய், சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழே விழுந்த சாவியை எடுத்துத் தரும் நாய், வலிப்பு வந்தவரின் பக்கத்தில் நின்று ஆளைக் கூப்பிடும் நாய். முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் முதல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நூறாண்டு கடந்தும் நம் ஊரில் இப்படியொரு நாயைப் பார்ப்பது அரிது. நீங்கள் சந்திக்கப் போகும் டி.டி.இ.க்கும் பார்சல் கிளார்க்குக்கும் உங்கள் நாய்தான் அவர்கள் பார்க்கும் முதல் உதவி நாயாக இருக்கலாம். அவர்களுடைய தயக்கத்தை வெறுப்பு என்று நினைத்துவிடாமல், அதைத் தீர்க்கும் காகிதத்தோடு போங்கள்.

விதி என்ன சொல்கிறது

ரயில்வே கட்டண விதிகளில் நாய் லக்கேஜ் வரிசையில் வருகிறது. அதற்கு இரண்டு இடங்கள்தான் உண்டு. ஒன்று, ஏ.சி. முதல் வகுப்பு. இரண்டாவது, கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு. ஏ.சி. இரண்டடுக்கு, மூன்றடுக்கு, சேர் கார், ஸ்லீப்பர், பொதுப்பெட்டி எதிலும் நாயை ஏற்ற அனுமதி இல்லை. புக் செய்யாமல் ஏற்றினால் லக்கேஜ் கட்டணத்தைப் போலப் பல மடங்கு அபராதம். ஏ.சி. முதல் வகுப்பிலும் இரண்டு படுக்கைக் கூபேயோ நான்கு படுக்கைக் கேபினோ முழுக்க உங்களுடையதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உடன் பயணிக்கிறவர் சம்மதிக்க வேண்டும். அவர் ஆட்சேபித்தால் நாய் கார்டு பெட்டிக்குப் போகும், கட்டிய பணம் திரும்ப வராது.

நாய்க்கூண்டைப் பற்றி என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அது கார்டின் இடத்தை ஒட்டித் தரையோடு இருக்கும் சிறிய இரும்புப் பெட்டி. தண்ணீரும் சாப்பாடும் கொடுப்பது உங்கள் பொறுப்பு. அதாவது வழியில் நிற்கும் நிலையங்களில் நீங்கள் இறங்கி ரயிலின் கடைசிக்கு ஓட வேண்டும். பார்வையற்றவரோ சக்கர நாற்காலியில் இருப்பவரோ இரவு இரண்டு மணிக்கு விழுப்புரம் பிளாட்பாரத்தில் எப்படி ஓடுவார்? அதைவிட முக்கியம், உதவி நாயின் வேலையே உங்கள் பக்கத்தில் இருப்பது. எட்டு மணி நேரம் இருட்டில், சத்தத்தில், தனியாக அடைபட்ட நாய் மறுநாள் காலை புதிய ஊரில் உங்களை நிதானமாகக் கூட்டிப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. கூண்டுதான் கிடைக்கும் என்றால் அந்தப் பயணத்தை ரயிலில் செய்யாதீர்கள். காரில் போங்கள், தேதியை மாற்றுங்கள், அல்லது அந்த ஒரு முறை நாயை வீட்டில் நம்பிக்கையானவரிடம் விட்டுவிட்டுத் துணைக்கு ஆளோடு போங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உதவி நாய்க்கென்று தனிப் பிரிவு இல்லை. ஆனால் 41ஆம் பிரிவு போக்குவரத்து வசதிகளை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி அமைக்கச் சொல்கிறது. ஒருவரின் தேவைக்கேற்ப நியாயமான மாறுதல்களைச் செய்து கொடுக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 3ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு சொல்கிறது. உங்கள் மனுவின் முதுகெலும்பு இந்த இரண்டும்தான். கூடவே இன்னொன்றையும் சொல்லலாம்: விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் பயிற்சி பெற்ற உதவி நாயை விமானத்துக்குள் உரியவரின் பக்கத்தில் இருக்க அனுமதிக்கின்றன. வானத்தில் முடிவது தண்டவாளத்தில் ஏன் முடியக் கூடாது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஜப்பான் 2002இலேயே உதவி நாய்களுக்கென்று தனிச் சட்டம் போட்டுப் பொதுப் போக்குவரத்தில் அனுமதியை உறுதி செய்தது. அமெரிக்காவில் ஆம்ட்ராக் ரயில்களில் உதவி நாய்க்குக் கட்டணமே கிடையாது, பயணிகள் போகும் இடமெல்லாம் அதுவும் போகலாம். லண்டனிலோ டொரன்டோவிலோ அப்படிப் பழகிய பிள்ளைகள் விடுமுறைக்கு நாயோடு வரும்போது இங்கே திகைத்துப் போகிறார்கள். அவர்கள் ரயிலைப் பற்றி யோசிக்கும் முன்பு, கால்நடைத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தின் தடையில்லாச் சான்றை அங்கிருந்து கிளம்பும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். சென்னைக்கான அலுவலகம் பள்ளிக்கரணையில் இருக்கிறது.

சக்கர நாற்காலியும் நாயும்

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. நம் ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று எஸ்.எல்.ஆர்.டி. என்ற பெட்டி உண்டு. அகலமான கதவு, அகலமான படுக்கை, கைப்பிடி போட்ட பெரிய கழிப்பறை என்று நாற்காலியை மனதில் வைத்துச் செய்த பெட்டி அது. பெரும்பாலும் ரயிலின் ஒரு கோடியில் இருக்கும், பெரும்பாலான ரயில்களில் முன்பதிவு கிடையாது. அந்தப் பெட்டியின் மற்ற பாகத்தில்தான் லக்கேஜ் அறையும் கார்டின் இடமும் நாய்க்கூண்டும் இருக்கின்றன. ஒரே பெட்டியில் நீங்கள் ஒரு தடுப்புக்கு இந்தப் பக்கம், உங்கள் நாய் அந்தப் பக்கம். தடுப்பின் இந்தப் பக்கம் நாயை விட விதியில் இடமில்லை.

நாயை அனுமதிக்கும் ஏ.சி. முதல் வகுப்பிலோ கதவும் நடைவழியும் நாற்காலிக்குப் போதாது. பிளாட்பாரத்தின் உயரம் தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 சென்டிமீட்டர். பெட்டியின் தரை ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர். நடுவில் முழங்கால் உயரத்துக்குச் செங்குத்தான படிகள். எனவே நாற்காலி நுழையும் பெட்டியில் நாய்க்கு இடமில்லை, நாய் நுழையும் பெட்டியில் நாற்காலிக்கு வழியில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்து யாரும் யோசிக்காததால் வந்த நிலை இது. எஸ்.எல்.ஆர்.டி. பெட்டியில் உதவி நாய்க்கு அனுமதி என்று ஒரே ஒரு சுற்றறிக்கை வந்தால் புதிதாக எதுவும் கட்டாமலே பாதிப் பிரச்சினை தீரும். நம் தரப்பிலிருந்து எழுதப்படும் ஒவ்வொரு மனுவிலும் இதைக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அதுவரை செய்யக்கூடியது: ஏ.சி. முதல் வகுப்பை எடுத்து, மடக்கும் சாய்தளமும் நடைவழிக்கேற்ற ஒல்லியான நாற்காலியும் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்பது. இவை இல்லாத பொருட்கள் அல்ல. ரயிலில் ஏற்றிவிடும்போது போர்ட்டர்கள் தகாத முறையில் தொட்டதை வெளிப்படையாகச் சொல்லி, சக்கர நாற்காலியில் இருக்கும் விராலி மோடி 2017இல் தொடங்கிய கையெழுத்து இயக்கத்துக்குப் பிறகு எர்ணாகுளம் போன்ற நிலையங்களில் மடக்குச் சாய்தளங்கள் வந்தன. கோயம்புத்தூர் ஜங்ஷனில் சாய்தளம், நாற்காலி வசதிகளுக்கு ஸ்வர்கா அறக்கட்டளை பாடுபட்டது. உங்களைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும் என்ற நிலை வந்தால், யார் எங்கே பிடிக்க வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள். பெண்கள் துணைக்கு வருபவரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லலாம், பெண் காவலர் வேண்டும் என்று கேட்கலாம். கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டாம். உங்களைத் தூக்கும்போது நாயை யார் பிடித்திருப்பது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். முதலாளியை நான்கு பேர் தூக்குவதைப் பார்க்கும் நாய் பதறும். நாயை முதலில் உள்ளே கொண்டுபோய்க் கூபேயில் உட்கார வைத்துவிட்டு உங்களை ஏற்றுவது நல்லது.

காகிதங்கள்

முதலில் யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. அதோடு ரயில்வே தனியாகத் தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வேண்டும். இது இருந்தால்தான் சலுகைக் கட்டணத்தில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் டிக்கெட் எடுக்க முடியும். ரயில்வே குறிப்பிட்ட படிவத்தில் அரசு மருத்துவர் கையெழுத்திட்ட சலுகைச் சான்று இதற்கு அடிப்படை. நம் பகுதிக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். விண்ணப்பத்தை ரயில்வேயின் இணையதளத்திலேயே போடலாம். நமக்கு அது சென்னைக் கோட்டத்தில் சேரும். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் படிவத்தை நிரப்பிக் கொடுக்க உதவுவார்கள்.

நாய்க்கு: ரேபீஸ் தடுப்பூசி போட்ட தேதியோடு கூடிய தடுப்பூசி அட்டை, பயணத்துக்கு முந்தைய ஓரிரு நாட்களில் கால்நடை மருத்துவர் கொடுத்த உடல்நலச் சான்று, பயிற்சி கொடுத்த நிறுவனத்தின் கடிதம். சான்றில் நாயின் இனம், நிறம், பால், வயது, எடை எல்லாம் இருக்கட்டும். ‘இந்த நாய் இன்னாருக்கு இன்ன உதவி செய்யப் பயிற்சி பெற்றது’ என்ற ஒரு வரியை உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமும் எழுதி வாங்குங்கள். கவுன்ட்டரில் இருப்பவருக்கு நாயின் சான்றைவிட மனித மருத்துவரின் கடிதம்தான் அதிகம் உறைக்கும். எல்லாவற்றுக்கும் மூன்று நகல். ஒன்று பார்சல் ஆபீஸுக்கு, ஒன்று டி.டி.இ. கேட்டால் காட்ட, ஒன்று உங்கள் பையில்.

கடைசி நேரத்தில் சான்று இல்லாமல் மாட்டிக்கொண்டால், எழும்பூருக்கு அருகில் வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. காலையில் போய் வரிசையில் நின்றால் மாலை ரயிலுக்கு முன்பு வேலை முடியலாம். இதை முதல் வழியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

டிக்கெட்டும் கூபேயும்

கட்டணச் சலுகை பலர் நினைப்பதைவிடப் பெரியது. முழுப் பார்வை இழப்பு உள்ளவர்கள், துணையில்லாமல் பயணிக்க முடியாத உடலியக்கக் குறைபாடு உள்ளவர்கள், துணை தேவைப்படும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்கு இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், ஏ.சி. மூன்றடுக்கு, சேர் கார் ஆகியவற்றில் 75 சதவீதம் தள்ளுபடி. ஏ.சி. இரண்டடுக்கிலும் ஏ.சி. முதல் வகுப்பிலும் 50 சதவீதம். துணைக்கு வரும் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. பேச்சு, கேட்பு இரண்டும் இல்லாதவர்களுக்கு இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், ஏ.சி. இல்லாத முதல் வகுப்பில் 50 சதவீதம் மட்டுமே. ஒலியை உணர்த்தும் நாய் வைத்திருப்பவர் ஏ.சி. முதல் வகுப்புக்கு முழுக் கட்டணம் கொடுக்க வேண்டும் என்பது இந்த விதியின் பெரிய ஓட்டை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஏ.சி. முதல் வகுப்பில் கூபே என்பது இரண்டு படுக்கை கொண்ட, கதவு பூட்டக்கூடிய அறை. நீங்களும் துணைக்கு வருபவரும் தலைக்குப் பாதிக் கட்டணத்தில் போனால், ஒரு முழு டிக்கெட் விலையில் அந்த அறை உங்களுடையதாகிறது. வேறு பயணி யாரும் இல்லை, சம்மதம் கேட்க வேண்டிய தேவையும் இல்லை. வசதிக்காரர்களின் வகுப்பு என்று பலர் ஒதுக்கிவைக்கும் இந்த வகுப்பு, நாயோடு போகிறவருக்குப் பொருத்தமானது மட்டுமில்லை, கட்டக்கூடியதும்கூட. தனியாகப் பயணிப்பவர் ஒரு படுக்கை மட்டும் எடுத்தால் முன்பின் தெரியாதவரின் சம்மதத்தை நம்பிப் போக வேண்டியிருக்கும். முதல் முறையாவது துணையோடு போங்கள்.

பகல் நேர வைகை, பல்லவன் ரயில்களில் ஏ.சி. முதல் வகுப்பு கிடையாது. வந்தே பாரத்தில் கோடிப் பெட்டிகளில் சக்கர நாற்காலிக்கு இடம் விட்டிருக்கிறார்கள், இருக்கை எண்கள் பிரெயிலிலும் உண்டு. ஆனால் அது சேர் கார் ரயில், நாய்க்கு விதியில் இடமில்லை. இரவு ரயில்களில் பாண்டியன், நெல்லை போன்றவற்றில் ஏ.சி. முதல் வகுப்பு இருக்கிறது. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கும். படுக்கைகள் மிகக் குறைவு என்பதால் திறக்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள்.

டிக்கெட்டில் கூபே எண் இருக்காது. சார்ட் தயாராகும்போதுதான் கூபேயா, நான்கு படுக்கைக் கேபினா என்று ஒதுக்குவார்கள். எனவே டிக்கெட் உறுதியானதும் மனு கொடுக்க வேண்டும். சென்னைக் கோட்டத்தின் முதுநிலை வணிக மேலாளருக்கு ஒன்று, புறப்படும் நிலையத்தின் முதன்மை முன்பதிவு மேற்பார்வையாளருக்கு ஒன்று. நேரில் கொடுத்து நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். மாதிரி:

‘ஐயா, நான் (பெயர்), கல்பாக்கத்தில் வசிக்கிறேன். எனக்கு முழுப் பார்வை இழப்பு உள்ளது. யு.டி.ஐ.டி. எண், ரயில்வே அட்டை எண் இணைப்பில். (தேதி) அன்று (ரயில் பெயர், எண்) ரயிலில் ஏ.சி. முதல் வகுப்பில் நானும் என் துணையாளரும் பயணம் செய்ய உறுதி செய்யப்பட்ட டிக்கெட் எடுத்துள்ளோம். பி.என்.ஆர். எண்: ______. என்னோடு பயிற்சி பெற்ற வழிகாட்டி நாய் ஒன்று வருகிறது. அதன் தடுப்பூசி அட்டை, உடல்நலச் சான்று, பயிற்சிக் கடிதம் இணைத்துள்ளேன். எங்கள் இருவருக்கும் இரண்டு படுக்கை கொண்ட கூபேயை ஒதுக்கவும், நாயை என்னுடன் அதே கூபேயில் அழைத்துச் செல்ல அனுமதிக்கவும், இதைப் பயணச்சீட்டுப் பரிசோதகருக்கும் பார்சல் அலுவலகத்துக்கும் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 3(5), 41 ஆகிய பிரிவுகளின்படி இதைக் கோருகிறேன். நாய்க்கான கட்டணத்தைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன்.’

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பயிற்சி பெற்ற நாய்க்குக் கட்டணம் கேட்பது தவறு என்று நானும் நினைக்கிறேன். அந்தச் சண்டையைத் தனி மனுவாகப் போடுங்கள். பயணத்துக்கான மனுவைப் படிக்கும் அதிகாரிக்குக் கையெழுத்துப் போடத் தயக்கமே வரக் கூடாது.

நாய்க்குப் பழக்கம்

பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே நாயைச் செங்கல்பட்டு நிலையத்துக்குப் பலமுறை கூட்டிப் போங்கள். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு, கூட்டம் குறைந்த முற்பகலில் ஓரமாக நில்லுங்கள். நிற்காமல் பாய்ந்து போகும் ரயிலின் காற்று, ஹாரன், அறிவிப்புக்கு முன் வரும் மணி, டீ விற்பவரின் குரல், தலையில் மூட்டையோடு உரசிப் போகிறவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் அது பழக வேண்டும். டவுன்ஷிப்பின் அமைதியான சாலைகளில் அருமையாக வேலை செய்யும் நாய் இங்கே முதல் நாள் கால் மடக்கி உட்கார்ந்துவிடலாம். அதட்டாதீர்கள், அடுத்த முறை இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று தொடங்குங்கள்.

படி ஏறுவது தனிப் பாடம். ரயில் படிகளுக்கு இடையே கீழே தண்டவாளம் தெரியும். பல நாய்கள் அந்த இடைவெளியைப் பார்த்ததும் பின்வாங்கும். வீட்டிலேயே அடியில் திறந்த இரும்புப் படி எதிலாவது பழக்குங்கள். ஏறும்போது சேணத்தின் கைப்பிடியை விட்டுவிட்டு லீஷை மட்டும் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவோரக் கம்பியைத் தேடிப் பிடியுங்கள். நாய் முதலா நீங்கள் முதலா என்பது உங்கள் பயிற்சியாளர் பழக்கிய முறைப்படியே இருக்கட்டும். பிளாட்பாரத்தில் நிற்கும் பத்துப் பேர் பத்து யோசனை சொல்வார்கள், எதையும் கேட்டு முறையை மாற்றாதீர்கள்.

எனக்கு இதையெல்லாம்விடக் கவலை தருவது தெருநாய்கள். நம் நிலையங்களில் பிளாட்பாரத்திலேயே வளரும் நாய்கள் உண்டு. சேணம் கட்டிய நாய் வேலையில் இருக்கும்போது திருப்பித் தாக்காது, ஓடவும் முடியாது. ஒரே ஒரு கடி அதன் நம்பிக்கையை உடைத்துவிடும், அதற்குப் பிறகு கூட்டத்தில் அது உங்களை நடத்திப் போகாமலே போகலாம். துணைக்கு வருபவர் நாலடி முன்னால் நடக்கட்டும். அவர் கையில் நீளக்குடை இருக்கட்டும், விரித்துக் காட்டினாலே பல நாய்கள் விலகும். திறந்த பிளாட்பாரத்தில் காத்திருக்காமல் காத்திருப்பு அறையில் இருங்கள். ரயில்வே பாதுகாப்புப் படையினரிடம் ரயில் வரை கூட வரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் வருவார்கள்.

பயண நாள்

நிலையத்துக்குப் போக வாடகைக் கார் பிடிக்கும்போதே நாய் வருகிறது என்று சொல்லிவிடுங்கள், பின் இருக்கைக்கு ஒரு பழைய போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கும் துணையாளருக்கும் கட்டணம் இல்லைதான். ஆனால் நாயை ஏற்றுவது கண்டக்டரின் மனதைப் பொறுத்தது, ரயிலைப் பிடிக்க வேண்டிய நாளில் அதை நம்ப வேண்டாம். புறநகர் மின்சார ரயிலிலும் நாய்க்கு அனுமதி இல்லை.

சாப்பாட்டைப் புறப்படுவதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே பாதி அளவாகக் கொடுத்துவிடுங்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கோடையில் மாலை நான்கு மணிக்குக்கூடப் பிளாட்பாரத் தளம் கொதிக்கும். உங்கள் புறங்கையை ஐந்து நொடி தரையில் வைத்துப் பாருங்கள், உங்களால் வைக்க முடியாத இடத்தில் நாயை நடத்தாதீர்கள். நிலையத்துக்குள் நுழையும் முன் வெளியே மண் தரையில் சிறுநீர், மலம் கழிக்க நேரம் கொடுங்கள். செய்தித்தாள், பிளாஸ்டிக் பை, கிருமிநாசினி, பழைய துண்டு ஆகியவை துணையாளர் பையில் இருக்கட்டும். கூபேயை நீங்கள் விட்டுச் செல்லும் நிலையைப் பார்த்துத்தான் அடுத்து வரும் நாய்க்குப் பெட்டி ஊழியர் முகம் கொடுப்பார்.

ரயில் புறப்பட மூன்று மணி நேரம் முன்பு பார்சல் ஆபீஸில் இருங்கள். டிக்கெட், அடையாள அட்டை, நாயின் சான்றுகளைக் காட்டி லக்கேஜ் ரசீது வாங்க வேண்டும். கூபே ஒதுக்கீடு சார்ட்டில் வந்துவிட்டதா என்று அங்கேயே பாருங்கள். ரசீதில் ‘கார்டு பெட்டி’ என்று எழுதிவிடாமல் ‘பயணியுடன், ஏ.சி. முதல் வகுப்பு’ என்று இருக்கிறதா எனத் துணையாளரைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் அறை. லிப்ட் இருக்கும் பக்கம், பிளாட்பாரம், முதல் வகுப்புப் பெட்டி நிற்கும் இடம் மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி, பேட்டரி கார் வேண்டுமென்றாலும் இங்கேதான்.

வாசலில் டி.டி.இ. கேட்டால் நீளமாக விளக்க வேண்டாம். ‘சார், இது வளர்ப்பு நாய் இல்லை, பார்வையில்லாத எனக்கு வழிகாட்டப் பயிற்சி எடுத்த நாய். ரசீது இருக்கு, கோட்ட அலுவலகத்தில மனு கொடுத்து முத்திரை வாங்கியிருக்கேன், கூபே எங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. பாருங்க.’ இவ்வளவுதான். காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு அமைதியாக இருங்கள். நாய் உட்கார்ந்தபடி இருந்தால் அது இன்னும் நன்றாகப் பேசும். வாய்க்கூடு ஒன்று பையில் வைத்திருங்கள். அது தேவையில்லாத நாயாகவே இருந்தாலும், பக்கத்துக் கேபினில் குழந்தையோடு ஒரு தாய் பயந்தால் நடைவழியைக் கடக்கும்வரை போட்டுக்கொள்ளலாம். பிஸ்கட் நீட்டுகிறவர்களிடம் ‘வேலை நேரத்தில சாப்பிடாதுங்க’ என்று சொன்னால் போதும், நம் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள்.

மறுத்தால்

எல்லாம் சரியாக இருந்தும் ஏற்ற மறுத்தால், முதலில் நாயைப் பிரிக்க விடாதீர்கள். ‘இப்போதைக்குக் கார்டு பெட்டியில போடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பார்கள். அப்புறம் என்று ஒன்று வராது. ஸ்டேஷன் மாஸ்டரை வரச் சொல்லுங்கள். அதே நேரத்தில் 139க்குப் போன் செய்து புகார் எண்ணை வாங்குங்கள். மறுக்கும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர வேண்டும் என்றதும் பலமுறை பேச்சின் தொனியே மாறும். மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் மற்றவர்கள் ஏறி இடத்தைப் பிடித்திருந்தாலும் இதே 139தான். ரயில்வே சட்டத்தின் 155ஆம் பிரிவில் அவர்களை இறக்கி அபராதம் போட இடம் இருக்கிறது.

ரயில் போய்விட்டால் அன்று இரவே நடந்ததைத் தேதி, நேரம், பெட்டி எண்ணோடு எழுதிவையுங்கள். ரயில்வே மத்திய அரசின் கீழ் வருவதால் புகார் போக வேண்டிய இடம் புது டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான முதன்மை ஆணையர். தபாலில் அனுப்பலாம், இணையத்திலும் போடலாம், வக்கீல் தேவையில்லை. 2012இல் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட மாற்றுத்திறனாளியான ஜீஜா கோஷ் விடாமல் வழக்கு நடத்தியதில், 2016இல் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பயணத்தில் மாற்றுத்திறனாளியை மரியாதையோடு நடத்துவது சலுகை இல்லை, உரிமை என்று இன்று பேசுகிறவர்கள் அந்தத் தீர்ப்பை நம்பிப் பேசுகிறார்கள். உங்கள் புகாருடன் அதையும் குறிப்பிடுங்கள்.

திரும்பும் பயணம்

போகும்போது வாங்கிய ரசீது திரும்பும்போது செல்லாது. மதுரையிலோ திருநெல்வேலியிலோ மறுபடியும் பார்சல் ஆபீஸ், மறுபடியும் கூபே மனு. அந்த மனு அந்த ஊர்க் கோட்டத்துக்குப் போக வேண்டும். சென்னையில் முத்திரை வாங்கிய மனுவின் நகலை இணைத்தால் அங்கே வேலை எளிதாகும். ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் நாயின் உடல்நலச் சான்றைப் புதிதாக எடுங்கள். வரும்போது செங்கல்பட்டில் இறங்க ஆசைப்படாதீர்கள். விடியற்காலை இருட்டில் இரண்டு நிமிடத்தில் நாயோடு படி இறங்குவது ஏறுவதைவிட ஆபத்து. எழும்பூர் வரை வந்து, கூட்டம் கலைந்த பிறகு நிதானமாக இறங்குங்கள். காரை முன்பே சொல்லி வைத்திருந்தால் காலைப் போக்குவரத்து நெரிசலுக்கு முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துவிடலாம். கிளம்பியதும் சாலையோரம் எங்காவது மண் தரையாகப் பார்த்து ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள், இரவு முழுவதும் நாய் அடக்கி வைத்திருக்கும்.